வீட்டில் புற்றுநோய், வீட்டில் பிள்ளைகள்: நாங்கள் விடும் பிழைகள்

இந்த வருடமும் எங்களோடு வீட்டுத் தரிசிப்புக்குப் புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் புற்றுநோயாளர் இருக்கும் வீடுகளுக்குப் போகிறார்கள். மருந்து, சாப்பாடு, கிளினிக் திகதி எல்லாம் நோயாளியோடு நன்றாகவே கதைக்கிறார்கள். வீட்டுப் பிள்ளை வந்து கதவடியில் நின்றால் மட்டும், "தம்பி, கொஞ்சம் வெளியிலை போய் விளையாடுங்கோ" என்று அனுப்பிவிடுகிறார்கள். முந்தி நாங்களும் இப்படித்தான். கையைக் கழுவு, கொதித்தாறிய தண்ணீர் கொடு என்பதையெல்லாம் கிளினிக்கில் மிஸ்மார் சொல்லுவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்பது

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இதில்தான்.

முல்லைத்தீவில் உட்பக்கமாக ஒரு வீடு. தாய்க்கு மார்பகப் புற்றுநோய். தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு வந்து ஒரு கிழமை தாண்டியிருந்தது. பள்ளிக்கூட விடுமுறை. தகப்பன் விடியவே வயலுக்குப் போய்விட்டார். வீட்டில் நின்றது எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன். தாய் குளிர்ந்து நடுங்க, பொடியன் போர்த்திவிட்டு, இரண்டு பனடோல் கொடுத்து, கஞ்சியும் காய்ச்சிக் கொடுத்தான். காய்ச்சல் இறங்கினது மாதிரி இருந்தது. பின்னேரம் திரும்ப நடுக்கம், திரும்பப் பனடோல். பொழுதுபட்டுத் தகப்பன் வந்தபோது தாய்க்கு நிதானம் இல்லை. உயிர் தப்பியது பெரிய விஷயம். அடுத்த கீமோ தள்ளிப்போனது.

ஏன் ஒருவரையும் கூப்பிடவில்லை என்று பிறகு அந்தப் பொடியனைக் கேட்டவர்கள் உண்டு. "அம்மாக்கு அல்சர் எண்டுதானே அப்பா சொன்னவர்" என்றான். அல்சர்காரருக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு பிள்ளை என்ன செய்யுமோ, அதை அவன் குறைவில்லாமல் செய்திருக்கிறான். ஆனால் அம்மாவைத் தான்தான் சாகக் கொடுக்கப் பார்த்ததாக நெடுநாள் நினைத்துக்கொண்டு திரிந்தான்.

கீமோ ஏற்றிய பிறகு, பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள், கிருமியை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் நன்றாகக் குறைந்து நிற்கும். அந்த நேரத்தில் உடம்புச் சூடு 38 பாகை செல்சியஸைத் தொட்டால், அது விடியட்டும் பார்ப்போம் என்று விடும் காய்ச்சல் அல்ல. பனடோல் சூட்டை இறக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் மறைந்துபோக, கிருமி உள்ளே தன் வேலையைப் பார்க்கும். சூட்டை அளந்து பார்க்காமல் பனடோல் கொடுக்கவே கூடாது. கிட்டடியில் உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போய், வாசலிலேயே "கீமோ எடுக்கிற ஆள்" என்று சொல்ல வேண்டும். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. இதை 12 வயதுப் பிள்ளைக்குப் படிப்பிக்க அதிக நேரம் தேவையில்லை. ஆனால் அம்மாவுக்கு அல்சர் என்று சொல்லி வைத்துக்கொண்டு இதைப் படிப்பிக்க முடியாதே.

இங்கே மறைப்பதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு எத்தனையோ வீடுகளில், அப்பா எங்கே என்று கேட்ட பிள்ளைக்கு "வருவார்" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். சொன்னவர்களுக்கும் வேறு விடை தெரியாது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அப்படி வளர்ந்தவர்கள் இன்றைக்குத் தாய் தகப்பனாகிவிட்டார்கள். காத்திருந்து காத்திருந்து தாங்கள் பட்டது என்னவென்று அவர்களுக்கே நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டும் தங்கள் பிள்ளையிடம் "அல்சர்" என்கிறார்கள்.

பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கப்போவதும் இல்லை. கிளினிக் கொப்பி மேசையில் கிடக்கிறது. தெல்லிப்பளைக்குப் போய் வருகிறார்கள் என்றால் ஊருக்கே விளங்கும். பக்கத்து வீட்டு மாமி படலையடியில் நின்று மூக்கைச் சிந்துகிறார். பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தெரியாத மாதிரி நடிக்கப் பழகுகிறது.

எப்படிச் சொல்வது? நோயின் பெயரைச் சொல்லுங்கள், எந்த இடத்தில் என்று சொல்லுங்கள், என்ன வைத்தியம் நடக்கிறது என்று சொல்லுங்கள். ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மூன்று விஷயம் கட்டாயம் காதில் விழ வேண்டும்: இது உன்னால் வந்ததில்லை, உனக்கு ஒட்டாது, உன்னைப் பார்க்க ஆள் இருக்கிறது. முதலாவது பெரியவர்களுக்குப் பகிடியாகத் தெரியும். ஆனால் அந்த வயதுப் பிள்ளை, கோபத்தில் "நீ வேண்டாம் போ" என்று தான் சொன்னதால்தான் அம்மாவுக்கு வருத்தம் வந்தது என்று உண்மையாகவே நம்பும். விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்தால் அடிக்காதீர்கள். பயத்தில் நடப்பது அது.

"அம்மா செத்துப்போவாவா?" என்று கேட்டால் "சீ, அப்படிக் கதைக்கக் கூடாது" என்று வாயை அடைக்க வேண்டாம். "டொக்டர்மார் மருந்து குடுக்கினம். சுகம் வரும் எண்டுதான் பாக்கிறம். ஏதும் மாறினால் உனக்கு நான் ஒளிக்க மாட்டன்" என்று சொல்லலாம். சொன்னால், அப்புறம் ஒளிக்கக் கூடாது.

மூத்த பெண்பிள்ளையின் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது

சொல்லியாயிற்று, சரி. உடனே மற்றப் பக்கத்துக்கு ஓடிவிடுகிறோம். மூத்தவள் சமைப்பாள், தம்பியைக் குளிக்க வார்ப்பாள், ஆஸ்பத்திரிக்கும் கூடப் போவாள். சாதாரண தரப் பரீட்சை வருவது ஒருவருக்கும் நினைவில்லை. "பொறுப்பான பிள்ளை" என்று வருகிறவர்கள் எல்லாரும் புகழ்வார்கள். அந்தப் புகழ்ச்சிக்குப் பிறகு அவளால் களைக்கிறது என்று வாய் திறக்க முடியாது.

பிள்ளைக்கு வேலை கொடுக்கத்தான் வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் அதற்குக் கூடக் கஷ்டம். ஆனால் தொடக்கமும் முடிவும் உள்ள வேலையாக இருக்கட்டும். காலையும் மாலையும் சூடு பார்த்துக் கொப்பியில் எழுதுவது ஒன்று. சின்னது என்றால் தண்ணீர்ப் போத்தலை நிரப்பி வைக்கும், தொப்பி எடுத்துக் கொடுக்கும். தகப்பனைக் குளிப்பாட்டுவது மகளின் வேலை அல்ல; சித்தப்பாவோ மாமாவோ வரட்டும். கீமோ ஏற்றி முதல் இரண்டு நாளுக்குச் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து இருக்கும். அதைப் பெரியவர் ஒருவர் கையுறை போட்டுத் துப்புரவாக்க வேண்டும். பிள்ளைகளோ கர்ப்பிணிகளோ வேண்டாம். மலசலகூடத்துக்கு வழக்கத்தைவிட இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள்.

வகுப்பாசிரியருக்கும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். நித்திரை முழித்து வந்த பிள்ளைக்குப் பிரம்படி விழாமல் இருக்கும்.

"தொடாதே, ஒட்டும்"

ஒட்டாது. மடியில் இருக்கலாம், கொஞ்சலாம். வெளியிலிருந்து கதிர்ச் சிகிச்சை எடுத்தவரின் உடம்பிலும் கதிர் தங்காது. தைரொயிட்டுக்குக் கதிர் அயடீன் குடித்தவர் மட்டும், ஆஸ்பத்திரி சொல்லும் நாள்வரைக்கும் பிள்ளைகளிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

பயப்பட வேண்டியது மறுபக்கம். தடிமன், காய்ச்சல் உள்ள பிள்ளை நோயாளியிடம் போகக் கூடாது. வகுப்பில் கொப்பளிப்பான் என்றால் கிளினிக்குக்குச் சொல்லுங்கள்.

மொட்டை

தலைமயிர் கொட்ட முதலே பிள்ளைக்குச் சொல்லுங்கள். கொட்டும் மருந்தென்றால் அநேகமாக இரண்டு மூன்று கிழமையில் தொடங்கிவிடும்.

பிள்ளையின் நேர்த்தி

வற்றாப்பளை அம்மனுக்கோ மடு மாதாவுக்கோ பிள்ளை நேர்த்தி வைத்தால் தடுக்காதீர்கள். அதன் மனதுக்கு அது ஒரு பிடி. ஆனால் சாப்பாட்டை விட்டு விரதம் இருப்பதென்றால் விசாரியுங்கள். அம்மாவுக்கு வருத்தம் கூடினால் தன் விரதம் பிசகியதால்தான் என்று எடுத்துக்கொள்ளும். அதற்கும் சேர்த்து "உன்னால் இல்லை" என்று சொல்ல வேண்டும்.

கனடாவில் இருக்கும் பிள்ளைகள்

நாற்பது வயதானாலும் பிள்ளை பிள்ளைதான். மூத்த மகன் ரொறன்ரோவில், மகள் லண்டனில், கடைக்குட்டி தாயோடு மாங்குளத்தில் என்று வையுங்கள். முள்ளுச் சீத்தாப்பழம் புற்றுநோயைச் சுகமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வருகிறது, கீமோவை நிற்பாட்டச் சொல்லி ஒருவர், கொழும்புப் பக்கம் மஹரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லி இன்னொருவர். கடைக்குட்டி இரண்டு பேருக்கும் தனித்தனியே விளக்கம் சொல்லியே களைத்துப்போகிறார். டொக்டரோடு கதைக்க ஓர் ஆள் போதும். மற்றவர்கள் அவரிடம் கேளுங்கள், அதுவும் கிளினிக்கால் வந்து அவர் சாப்பிட்ட பிறகு.

காசு அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு கேட்பதில்லை. வீட்டை விழுத்துவது போக்குவரத்து: உள்ளூர் ஓட்டோ, ஏ9 பஸ், யாழ்ப்பாணத்திலிருந்து இன்னொரு பஸ், கூடப்போகிறவர் இழக்கும் நாள் சம்பளம். தாய்க்கு ஹோர்லிக்ஸ் பெட்டி அனுப்புவதை விட, அந்த நாள் சம்பளத்தைத் தம்பியின் கையில் கொடுங்கள்.