நடிகையின் வாழ்க்கையை எழுத உட்காரும் முன்

நாடக மேடையில் வளர்ந்து சினிமாவுக்கு வந்த நடிகை ஒருவரைப் பற்றி விழா மலருக்கு ஒரு கட்டுரை கேட்பார்கள். ஏழ்மை, குரல், காதல், சோகம், பட்டம் என்று ஐந்து பத்தியில் ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்துவிடலாம். அப்படி எழுதப்பட்டவைதான் எங்கள் வாசகர் வட்டத்துக்கு வருகின்றன. தமிழாசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சிவப்பு மை பேனா என்னை விடவில்லை. திருத்தும் வேலை என் தலையில்தான். நான் கரூர்க்காரி. ரயிலேறினால் சற்று நேரத்தில், நாடகத்திலும் சினிமாவிலும் பாடி நடித்த கே.பி. சுந்தராம்பாளின் ஊரான கொடுமுடி வந்துவிடும். அதனால் இந்தப் பக்கம் எழுதுகிற எவரும் ஒருமுறையாவது அவரைப் பற்றி எழுதியிருப்பார். அவரை வைத்தே சொல்கிறேன், முறை எல்லா நடிகைகளுக்கும் பொருந்தும்.

முதலில் நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். இடப்பக்கம் ஆண்டும் நிகழ்ச்சியும், வலப்பக்கம் அதை யார் சொன்னது என்பதும். கட்டுரை எழுதும் ஆசையைக் கொஞ்ச நாள் அடக்கிவைத்து இந்த நோட்டை மட்டும் நிரப்புங்கள். 1908 பிறப்பு, 1926 கொழும்பில் நாடக நடிகரும் பாடகருமான எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் மேடையேறியது, 1927 அவருடன் திருமணம், 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைவு, 1935 ‘நந்தனார்’, 1940 ‘மணிமேகலை’, 1953 ‘ஔவையார்’, 1964 ‘பூம்புகார்’, 1965 ‘திருவிளையாடல்’, 1969 ‘துணைவன்’, 1970 பத்மஸ்ரீ, 1980 மறைவு. இவ்வளவு எழுதியதும் கூட்டல் கழித்தல் போடுங்கள். கிட்டப்பாவோடு மேடையும் வாழ்க்கையுமாக இருந்தது சுமார் ஏழு ஆண்டு. அவர் போனபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அதற்குப் பிறகு இருந்தது ஏறக்குறைய 47 ஆண்டு. ஆனால் எனக்கு வரும் கட்டுரைகளில் முக்கால்வாசி இடத்தைக் கிட்டப்பாவே பிடித்துக்கொள்கிறார்! எந்தக் காலத்துக்கு எத்தனை பக்கம் என்பதை நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கண்ணீர் எங்கே அதிகம் வருகிறது என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இதே கணக்கு கதைகளையும் சோதித்துக் கொடுக்கும். ரயிலில் பாடிக்கொண்டு வந்த பெண்ணை ரயில்வே அதிகாரியும் நாடகப் பிரியருமான எஃப்.ஜி. நடேச ஐயர் கண்டெடுத்தார் என்பார்கள் சிலர். கரூரில் இருந்த காவல்துறை அதிகாரி ஒருவர் பாட்டைக் கேட்டு வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார் என்பார்கள் வேறு சிலர். ரயில் கதையைச் சொல்பவர்களில் சிலர் அப்போது அவருக்கு வயது 19 என்றும் சேர்த்துக்கொள்வார்கள். 18 வயதில் கொழும்பு மேடையில் பேர்பெற்று நின்றவரை 19 வயதில் யார் கண்டெடுப்பது? வயது தவறு என்பது நோட்டிலேயே தெரிகிறது. மற்றபடி இரண்டு கதைகளையும் “இப்படியும் சொல்வார்கள்” என்று பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அழகாக இருப்பதற்காக ஒன்றை எடுத்து மற்றதைத் தூக்கிப் போட வேண்டாம். காந்தி கொடுமுடி வீட்டுக்கு வந்தது, தங்கத் தட்டில் பரிமாறியது, அந்தத் தட்டையே அவர் கேட்டு வாங்கி ஏலம் விட்டது என்ற கதைக்கும் இதே மரியாதைதான்.

அடுத்து, பாத்திரங்களை வரிசையாக எழுதுங்கள். இது எனக்கு மிகவும் பிடித்த வேலை. கிட்டப்பா மறைந்தபின் சுந்தராம்பாள் வெள்ளைக் கதருக்கு மாறினார், ஆண் நடிகரோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார் என்று எல்லோரும் ஒரு வரி எழுதுவார்கள். அந்த ஒரு வரி அவருடைய தொழிலை என்ன செய்தது என்று எழுதுவதில்லை. பட்டியலைப் பாருங்கள்: ‘நந்தனாரில்’ அவரே நந்தனார், ஆண் வேடம். பிறகு மணிமேகலை, துறவி. ஔவையார், கிழவி. ‘பூம்புகாரில்’ கவுந்தியடிகள், சமணத் துறவி. கதாநாயகனுக்கு ஜோடி என்ற இடமே இல்லாமல், தலைப்புப் பாத்திரமாக நின்று தமிழ்ப் படவுலகில் அவரைப்போல் ஓடியவர்கள் அரிது. அதைச் சோகத்தின் விளைவு என்று மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். ஒரு தொழிலாளி தன் நிபந்தனையைச் சொல்லி, அதற்கேற்ற வேலையை வாங்கிய கதை அது. ‘நந்தனாருக்கு’ அவர் வாங்கியது ஒரு லட்ச ரூபாய். தயாரிப்பாளரைத் திருப்பி அனுப்பத்தான் அவ்வளவு பெரிய தொகை கேட்டார், அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றொரு பேச்சு உண்டு. தொகையை எழுதிவிட்டு நகராதீர்கள். அந்த ஆண்டில் ஒரு பவுன் என்ன விலை, ஒரு பள்ளி வாத்தியாருக்கு என்ன சம்பளம் என்று தேடிப் பக்கத்தில் போடுங்கள். வாசகருக்கு அப்போதுதான் மூச்சு வாங்கும்.

‘பூம்புகார்’ பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. பாட்டில் தெய்வம் எங்கே போனது என்று கேட்கிற வரியைப் பாட மறுத்தார், தெய்வம் இங்கே வந்துவிட்டது என்று மு. கருணாநிதி மாற்றிக் கொடுத்த பிறகே பாடினார் என்பார்கள். இதைப் பக்திக்கு உதாரணமாக எழுதுவதே வழக்கம். எனக்கு இதிலும் அந்த நிபந்தனைக்காரிதான் தெரிகிறார்.

குரலைப் பற்றி எழுதுவதுதான் கஷ்டம். “கணீர்” என்ற சொல்லை நான் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடுவேன். மைக் வராத காலத்து மேடையில் தரையில் உட்கார்ந்திருக்கும் கடைசி வரிசைக்கும் பாட்டின் சொல் புரிய வேண்டும், ‘வள்ளி திருமண’த்தில் கிட்டப்பாவின் பாட்டுக்கு ஈடுகொடுத்து வள்ளி பாட வேண்டும், ஒன்ஸ்மோர் கேட்டால் மறுபடியும் பாட வேண்டும். இதை எழுதினாலே குரல் எப்படி அமைந்தது என்று புரிந்துவிடும். பிறகு காதால் கேளுங்கள். பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான். மேடையில் இழுத்து இழுத்துப் பாடியதை அதற்குள் அடக்க வேண்டும். அதில் ஒன்றையும் ‘திருவிளையாடல்’ பாட்டில் ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டு, சொல்லை எங்கே வெட்டுகிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்று குறியுங்கள். 61 வயதில் ‘துணைவன்’ பாட்டுக்குத் தேசிய விருது வாங்கிய குரல் அது.

ஆதாரத்துக்குப் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் நல்லவை. தியேட்டர் வாசலில் விற்றவை. நடிகர் பட்டியல் இருக்கும், கதைச் சுருக்கம் பாதியில் நின்று “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று முடியும். ஆனால் படம் வரும் முன்பே அச்சடித்தவை என்பதால் புத்தகத்தில் உள்ள பாட்டெல்லாம் படத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். சென்னைக்குப் போக முடிந்தால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நாடக நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள் பார்க்கலாம். நோட்டீசில் யார் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள்; அந்தக் காலத்து மார்க்கெட் நிலவரம் அதில் தெரியும். அரசியலை விட்டுவிடாதீர்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் அழைப்பில் காங்கிரஸ் மேடைகளில் பாடியவர், ஐம்பதுகளில் சட்ட மேலவை உறுப்பினராக இருந்தவர். கட்டுரைகளில் இதற்கு அரை வரி கிடைக்கும்.

எழுதப்படுகிறவர் உயிரோடு இருக்கும் நாடக நடிகை என்றால் முறை கொஞ்சம் மாறும். காலையில் போகாதீர்கள், திருவிழாக் காலத்தில் விடிய விடிய ஆடிவிட்டுத் தூங்குகிற நேரம் அது. “உங்க வாழ்க்கையைச் சொல்லுங்கம்மா” என்று ஆரம்பித்தால் பேட்டிக்குச் சொல்லிப் பழகிய கதைதான் வரும். முதல் ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) எந்த ஊரில், ஆர்மோனியம் யார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தது யார், ராஜபார்ட்டுக்கு (கதாநாயகனாக நடித்தவருக்கு) எவ்வளவு சம்பளம், உங்களுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பணக் கேள்வியில் முகம் மாறினால் விட்டுவிட்டு அடுத்த தடவை கேளுங்கள். சேலை, ஜடை, ஒப்பனைப் பெட்டி பற்றிக் கேட்டால் தானாகவே பேச்சு நீளும். குடும்ப விஷயத்தில் எதை எழுதலாம், எதை விடலாம் என்பது அவர் முடிவு. எழுதி முடித்ததும் நேரில் போய் வாசித்துக் காட்டுங்கள், வெட்டச் சொன்னதை வெட்டுங்கள்.

கடைசியில் படங்கள். மலர்க்காரர்கள் ‘ஔவையார்’ படத்து நரைத்த தலையையே எடுத்துப்போட்டு “முதிய வயதில் கே.பி.எஸ்.” என்று அடியில் எழுதிவிடுவார்கள். அந்தப் படம் வந்தபோது அவருக்கு 45 வயதுகூட நிறையவில்லை. வேடம் என்று அடிக்குறிப்பில் போடச் சொல்லுங்கள், ஆண்டையும் சேர்த்து.