உவர் மண்ணில் கொண்டைக்கடலை: மரபணு மாற்றிய ரைசோபியத்தைத் தொட்டியில் சோதிக்கும் முறை

கொண்டைக்கடலை உப்பைத் தாங்காத பயிர். உப்பு மிகும்போது வேரில் ஏ.சி.சி. என்னும் பொருள் பெருகி, எத்திலீன் என்னும் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் வாயுவாக மாறுகிறது. அந்த எத்திலீன் வேர் நீள்வதையும், ரைசோபியம் என்னும் பாக்டீரியா தங்கிக் காற்றின் நைட்ரஜனைச் செடிக்குத் தரும் வேர்முடிச்சு உருவாவதையும் தடுக்கிறது. ஏ.சி.சி.யைச் சிதைக்கும் டீஅமினேஸ் நொதிக்கான மரபணுவை, கொண்டைக்கடலை வேரில் முடிச்சிடும் ரைசோபிய வகையான மீசோரைசோபியத்தில் சேர்த்தால் இந்தப் பாதிப்பு குறைகிறது என்பதைப் போர்ச்சுகல், கனடா ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டனர். அதைக் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கும் வழியை இங்கே தருகிறேன். இந்தியாவில் இத்தகைய நுண்ணுயிர்கள் மரபணு மாற்றிய உயிரிகளுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகளுக்கு உட்பட்டவை என்பதால், நிறுவன உயிரிப்பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் பெற்று, மூடிய பசுமைக்குடிலுக்குள் மட்டுமே செய்யுங்கள்.

முதலில் ஒப்பீட்டைத் திட்டமிடுங்கள். பலர் அவசரப்படும் இடம் இதுதான். நுண்ணுயிர் இடாத செடி, மாற்றப்படாத மூல வகை, டீஅமினேஸ் மரபணு இல்லாத வெறும் பிளாஸ்மிட்டை (மரபணுவைச் சுமந்து செல்லும் சிறு டி.என்.ஏ. வளையம்) சுமக்கும் வகை, அந்த மரபணுவைப் பிளாஸ்மிட்டில் ஏற்றிய வகை என நான்கும் வேண்டும். வெறும் பிளாஸ்மிட் வகையை விட்டுவிட்டால், கிடைத்த பலன் மரபணுவால் வந்ததா, பிளாஸ்மிட்டால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. ஒவ்வொன்றையும் உப்போடும் உப்பின்றியும், குறைந்தது ஐந்து தொட்டிகளில் வளர்க்க வேண்டும்.

நுண்ணுயிரை ஈஸ்ட் சாறு மானிட்டால் ஊடகத்தில் 28 டிகிரி செல்சியஸில் வளர்த்து, மையவிலக்கியில் சுழற்றிப் படியவைத்து, தூய நீரில் கழுவி, மீண்டும் நீரில் கலக்கிக் கரைசலாக வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்மிட்டைச் சுமக்கும் நுண்ணுயிர் மட்டுமே தாங்கும் எதிர்ப்பு மருந்தை, பிளாஸ்மிட் நிலைப்பதற்காக ஊடகத்தில் சேர்த்திருப்போம்; அது செடிக்குப் போகக் கூடாது என்பதற்கே இந்தக் கழுவல். விதைகளை 70 விழுக்காடு எத்தனாலில் ஒரு நிமிடமும், நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட்டில் சில நிமிடங்களும் வைத்துப் பலமுறை அலசி முளைக்கவிட்டு, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) கிருமி நீக்கிய மணலில் நட்டு, நாற்றுக்கு ஒரு மில்லிலிட்டர் நுண்ணுயிர்க் கரைசலை வேரடியில் விடுங்கள். செடி முடிச்சின் நைட்ரஜனையே நம்பி வளர, நைட்ரஜன் இல்லாத சத்துக்கரைசல் மட்டுமே ஊற்ற வேண்டும்.

நாற்று நிலைபெற்றபின் உப்பைப் படிப்படியாக ஏற்றுங்கள்: முதலில் 25 மில்லிமோலார், சில நாள் கழித்து 50, அதாவது லிட்டருக்கு 2.92 கிராம் தூய சோடியம் குளோரைடு. நீர் ஆவியாகும்போது உப்பு மணலிலேயே தங்கிவிடும். எனவே ஒவ்வொரு முறையும் அடித்துளை வழியே வடியும் அளவுக்கு ஊற்றி, உப்பின் அளவைக் காட்டும் வடிநீரின் மின்கடத்துத்திறனை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உப்பு நிலை தொட்டிக்குத் தொட்டி மாறினால் மற்ற அளவீடுகளுக்குப் பொருளில்லை.

பூக்கும் பருவத்தில் வேரைக் கழுவி, முடிச்சுகளை எண்ணியபின் சிலவற்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் லெக்ஹீமோகுளோபின் என்னும் ஆக்சிஜனைப் பிடிக்கும் சிவப்புப் புரதம் உள்ளது, காற்றின் நைட்ரஜனைச் சத்தாக மாற்றும் நைட்ரஜன் நிலைநிறுத்தம் நடக்கிறது; வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சால் செடிக்குப் பயனில்லை. தண்டையும் வேரையும் 70 டிகிரியில் எடை மாறாத நிலை வரை உலர்த்தி எடை போட்டுக்கொள்ளுங்கள்.

இறுதியாக, மேற்பரப்பைத் தூய்மைசெய்த முடிச்சுகளை நசுக்கி, எதிர்ப்பு மருந்து உள்ள வளர்ப்பு ஊடகத் தட்டிலும் இல்லாத தட்டிலும் பரப்புங்கள். மருந்துத் தட்டில் வளர்ச்சி வெகுவாகக் குறைந்தால், செடிக்குள் இருந்த காலத்தில் பல நுண்ணுயிர்கள் பிளாஸ்மிட்டை இழந்துவிட்டன என்று பொருள். அப்படியானால் அடுத்த சோதனைக்கு மரபணுவைக் குரோமோசோமிலேயே பொருத்திய வகையை நாடுவது நல்லது. பயன்படுத்திய மணல், வேர், நீர் அனைத்தையும் ஆட்டோகிளேவ் செய்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.