குங்ஃபூ படத்தில் துணை வில்லனாவதற்குக் கடற்கரைப் பயிற்சி

நாயகன் எவ்வளவு வலிமையானவன் என்பதைப் பார்வையாளருக்குக் காட்டுபவர், அவனிடம் அடிவாங்கும் துணை வில்லனே ஆவார். ஆகவே இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து இத்தொழிலுக்குப் போக விரும்பும் இளைஞர்கள், அடிக்கக் கற்பதற்கு முன் விழக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதற்கு நம் மணலைவிட நல்ல பயிற்சிக்களம் கிடைப்பது அரிது. முதலில் காய்ந்த மணலிலும், உடல் பழகிய பிறகு அலை நனைத்து இறுகிய ஈரமணலிலும் விழுந்து பழகுங்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டபடி, தலை தரையில் படாமல், ஒரு தோள்பட்டையிலிருந்து எதிர்ப்புற இடுப்புக்குக் குறுக்காக உருள வேண்டும். கையை ஊன்றித் தடுக்க முயன்றால் மணிக்கட்டு முறியக்கூடும். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் அலையிரைச்சல் மிகுதியாக இருக்கும். சண்டைக்காட்சி எண்ணிக்கைக்கு ஏற்பவே நகர்வதால், கூட்டாளி எண்ணுவது காதில் விழ, அப்போது பாக் விரிகுடாப் பக்கம் போய்விடுவது நல்லது.

அடுத்தது இடைவெளி. முகத்தை நோக்கி வரும் குத்து ஒரு சாண் தள்ளியே போகும். கேமரா ஒருவருடைய தோளுக்குப் பின்னால் இருப்பதால் அந்த இடைவெளி மறைந்துவிடும். குத்து கன்னத்தைக் கடக்கும் அதே கணத்தில், அது போகும் திசையிலேயே தலை திரும்ப வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் பொய் வெளிப்பட்டுவிடும். சிலம்பத்தில் காலடி பழகியவர்களுக்கு இந்த அளவு விரைவில் கைவரும் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

தனக்கென ஒரு வித்தை இருப்பவரே நிலைத்திருக்கிறார். 1978இல் ஜாக்கி சானை எதிர்த்து நின்ற கொரியரான ஹ்வாங் ஜாங்-லீக்கு டேக்வாண்டோ உதையே முகவரி. 1973இல் வெளிவந்த ‘எண்டர் தி டிராகன்’ படத்தில் அடியாளாக வந்த யாங் ஸே, அப்பாத்திரத்தின் பெயரான போலோ என்பதையே தம் தொழிற்பெயராக்கிக்கொண்டு, கட்டுடலைக் குலையவிடாமல் காத்து, 1988இல் ‘பிளட்ஸ்போர்ட்’ படத்தின் முதன்மை வில்லனாக உயர்ந்தார். அந்த 1973 படத்திலேயே புரூஸ் லீயை எதிர்த்த ஷி கியென், சீனக் குங்ஃபூ வீரர் வோங் ஃபெய்-ஹுங்கைப் பற்றி 1949இல் தொடங்கிய ஹாங்காங் படவரிசையில் பலமுறை வில்லனாக நின்றவர். புரூஸ் லீயை எதிர்த்தபோது அவருக்கு வயது 60. உங்களுக்குச் சிலம்பம் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பிறருடைய உதையை நகலெடுக்காதீர்கள்.

வாய்ப்புத் தேடிச் சென்னைக்குப் போகும்போது, அங்குள்ள சண்டைக் கலைஞர் சங்கத்தின் சேர்க்கை விதிகளை நேரில் கேட்டறியுங்கள். அதற்கு முன், கைப்பேசியில் உங்கள் சண்டையைப் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் பதிவுசெய்து பாருங்கள். முக்கியமாக, விழுந்த பிறகான நொடிகளைக் கவனியுங்கள்: ‘கட்’ என்னும் குரல் வரும்வரை, கண்ணோரம் மணல் ஒட்டியிருந்தாலும் இமை அசையாமல், வயிறு ஏறி இறங்குவது தெரியாதபடி சிறுமூச்சு விட்டுக் கிடக்க வேண்டும்.