கூலிங் ஃபிலிம்: கறுப்பாக இருந்தால் போதாது

கடலூர், புதுச்சேரிப் பக்கம் காலை வெயில் கடல் பக்கமிருந்து வரும், அதைக்கூடச் சமாளிக்கலாம். ஆளைக் கொல்வது மேற்கு ஜன்னலில் 3 மணிக்கு இறங்குகிற வெயில்தான், அதனால் கையில் காசு குறைவு என்றால் முதலில் அங்கே மட்டும் கண்ணாடியில் கூலிங் ஃபிலிம் ஒட்டுங்கள். எவ்வளவு கறுப்போ அவ்வளவு குளிர்ச்சி என்பார்கள், நம்பாதீர்கள். சூட்டைக் கொண்டுவருகிற அகச்சிவப்புக் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று கேளுங்கள். நல்ல செராமிக் ஃபிலிம் (செராமிக் துகள் கலந்தது) வெளிறிய நிறத்திலேயே சூட்டைக் குறைக்கும். சூடான பல்பு முன்னால் சாம்பிளைப் பிடிக்கச் சொல்லி, பின்னால் கை வைத்துப் பாருங்கள். மெட்டல் கலந்தது உப்புக்காற்றில் ஓரம் அரிக்கும், செல்போன் சிக்னலும் அடிவாங்கலாம்.

புதுச்சேரி நேரு வீதி மாதிரி கடைத்தெருவில் கடை என்றால் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் ஃபிலிம் பகலில் சரி, வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. ராத்திரி உள்ளே லைட் போட்டால் எல்லாமே வெளியே தெரியும்.

அப்புறம் கார். சட்டப்படி முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும், இது கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த கணக்கு. சதவீதத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். ஒட்டிய பிறகு இரண்டு மூன்று நாள் கண்ணாடியை இறக்காதீர்கள், ஈரம் காயாமல் ஓரம் சுருண்டுவிடும்.