ஜேட் செடிக்கு எப்போது தண்ணீர் விடுவது?

ஜேட் செடி வாங்கிய பலரும் அதைக் காயவிட்டுக் கொல்வதில்லை, தண்ணீர் விட்டுத்தான் கொல்கிறார்கள். அது தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலத்துச் செடி, தடித்த இலைக்குள்ளேயே தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கும். அதனால் நாள் கணக்கு வேண்டாம், இலையைப் பாருங்கள். லேசாகச் சுருங்கித் தொய்ந்தால் தாகம், மஞ்சளாகிக் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டாலே உதிர்ந்தால் தண்ணீர் அதிகம். சந்தேகமாக இருந்தால் துடைப்பத்து ஈர்க்குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை குத்தி எடுங்கள், மண் ஒட்டி வந்தால் இன்றைக்கு வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் மேற்கு வெயில் நேராக அடிக்கும் பால்கனியில் இலை கருகிவிடும், காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றி, சாயங்காலம் தண்ணீர் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் உண்மையான ஆபத்து. செடியை உள்ளே ஜன்னலோரம் கொண்டுவந்து, தொட்டிக்கு அடியில் உள்ள தட்டை எடுத்துவிடுங்கள், தேங்கும் தண்ணீரில்தான் வேர் அழுகும். மார்கழிப் பனியைச் சென்னை மாதிரி ஊர்களில் நன்றாகவே தாங்கும், தண்ணீரை மட்டும் குறையுங்கள்.

அடித்தண்டு அழுகிவிட்டதா? மனதைத் தேற்றிக்கொண்டு, உள்ளே பழுப்பே தெரியாத இடத்தில் நறுக்கி, வெட்டுவாய் காயும்வரை நாலைந்து நாள் நிழலில் போட்டு, அப்புறம் ஆற்றுமணல் பாதி கலந்த மண்ணில் நடுங்கள். வேர் பிடிக்கும்வரை லேசாகத் தெளித்தால் போதும்.