வெளிநாட்டிலிருந்து டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தையைத் தத்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோப்பில் ‘டவுன் சின்ட்ரோம்’ என்று படித்ததுமே குழந்தையின் உடல்நிலை தெரிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான் அடிப்படைத் தவறு. அந்த வரி, 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதைப் பற்றியது மட்டுமே. இதயம், தைராய்டு, காது, விழுங்கும் திறன் எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைத் தனித்தனியாகக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

முதலில் இதயம். இக்குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறைபாடு உண்டு. இதய அறைகளுக்கு நடுவே பெரிய துளை இருந்தால், பெரும்பாலும் பிறந்த 3 முதல் 6 மாதங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்வார்கள். காப்பகத்தில் அது நடக்காமல் போனால், நுரையீரலுக்குள் அளவுக்கு மீறி ரத்தம் பாய்ந்து அங்குள்ள ரத்தக்குழாய்கள் தடித்துவிடும், அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்துக்குப் பின் துளையை மூடுவதே உயிருக்கு ஆபத்தாகும். ஆகவே ‘சிகிச்சை தேவையில்லை’ என்ற குறிப்பைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். துளை சிறியதாக இருந்து தானாக மூடியிருக்கலாம். அறுவைக்கான காலம் கடந்தும் போயிருக்கலாம். ‘இதயத்தில் சத்தம் இல்லை’ (துளை வழியே ரத்தம் பாயும்போது கேட்கும் கூடுதல் ஒலி, ‘மர்மர்’) என்பதும் போதாது, ஏனென்றால் அழுத்தம் ஏறியபின் அந்தச் சத்தம் அடங்கிவிடும். தேதியிட்ட எக்கோ (இதய அல்ட்ராசவுண்டு) அறிக்கை, ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் செறிவு, முடிந்தால் எக்கோவின் காணொளிப் பதிவு ஆகியவற்றை வாங்கி, சம்மதம் தெரிவிப்பதற்கு முன்பே குழந்தைகள் இதய மருத்துவரிடம் காட்டுங்கள். விமானப் பயணம் பற்றியும் அவரிடமே கேளுங்கள். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போலக் குறையும் என்பதால், நுரையீரல் அழுத்தம் உள்ள குழந்தைக்கு வழியில் ஆக்சிஜன் தேவைப்படலாம்.

அடுத்த தவறு, எல்லாத் தாமதத்தையும் டவுன் சின்ட்ரோமின் கணக்கில் எழுதுவது. மூன்று வயதில் ஒரு சொல்லும் பேசாத குழந்தைக்கு நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். சோர்வும் மலச்சிக்கலும் தைராய்டு குறைவால் வரலாம். அதை ரத்தப் பரிசோதனை காட்டிவிடும், மாத்திரையும் உண்டு. எடை, உயரம், தலைச் சுற்றளவு மூன்றையும் தேதிகளோடு கேட்டு வாங்கி, டவுன் சின்ட்ரோமுக்கென உள்ள வளர்ச்சி வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். அதிலும் எடை கீழே விழுந்துகொண்டே போனால் இதயம், உணவூட்டும் முறை, செலியாக் நோய் (கோதுமை போன்றவற்றின் குளூட்டனால் குடல் பாதிக்கப்படுவது) மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். படுக்கவைத்துப் புட்டிப்பால் கொடுத்தே வளர்க்கப்பட்ட குழந்தைக்கு வீட்டுக்கு வந்த முதல் வாரமே கெட்டி உணவைத் திணிக்காதீர்கள். இருமல் இல்லாமலேயே உணவோ பாலோ நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். அடிக்கடி நிமோனியா வந்த வரலாறு இருந்தால் விழுங்கும் பரிசோதனை அவசியம்.

யாரைப் பார்த்தாலும் கைநீட்டி ஓடுவதை ‘இவர்கள் பாசமான குழந்தைகள்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். இதில் கூடுதல் கவனம் வேண்டும். மாறி மாறி வந்த பணியாளர்களிடம் வளர்ந்த எந்தக் குழந்தையும் அப்படி நடந்துகொள்ளலாம். முதல் சில மாதங்கள் ஊட்டுவது, தூக்குவது, தூங்கவைப்பது எல்லாம் பெற்றோர் கையில் மட்டும் இருக்கட்டும். உறவினர்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடினால் போதும்.

ஆவணங்களில் வரிசை முக்கியம். வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கான 1993-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி, பெற்றோரின் தகுதியை அவர்கள் வாழும் நாடு முதலில் உறுதிசெய்ய வேண்டும். குழந்தையைத் தேர்வது அதன் பிறகுதான். புகைப்படத்தைப் பார்த்து மனம் கொடுத்தபின் விண்ணப்பிப்பவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். பெற்றோரின் தகுதியைச் சொல்லும் வீட்டு ஆய்வறிக்கை ‘ஆரோக்கியமான குழந்தை’க்கு மட்டும் தகுதி என்று சொன்னால் அதைத் திருத்தியாக வேண்டும், அறுவைக்குக் காத்திருக்கும் குழந்தைக்கு அந்தத் தாமதம் கனமானது. டவுன் சின்ட்ரோம், இதயக் குறைபாடு என்ற சொற்களே அதில் இடம்பெறட்டும். அனுப்பும் நாட்டின் கதவு திறந்திருக்கிறதா என்பதையும் தத்தெடுப்பைக் கவனிக்கும் இரு நாட்டு மத்திய அமைப்புகளிடமும் கேளுங்கள். 2024-இல் சீனா வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தியபோது, குழந்தை ஒதுக்கப்பட்டிருந்த குடும்பங்களும் கைவிடப்பட்டன.

சில நாடுகள் விசா தரும்போது மருத்துவச் செலவையும் கணக்கில் எடுக்கும். பணம் கட்டும் முன்பே இதை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். குழந்தை வந்தபின் குடியுரிமைச் சான்றிதழைத் தள்ளிப்போட வேண்டாம்: வளர்ந்தபின் ஊனமுற்றோர் உதவித்தொகையும் சட்டப்படியான காப்பாளர் ஏற்பாடும் அதைக் கேட்டு நிற்கலாம். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்கள் நல்ல மருத்துவத்தோடு இன்று 60 வயதுவரை வாழ்கிறார்கள். நாற்பது வயதில் தத்தெடுப்பவர், தமக்குப் பின் யார் பார்த்துக்கொள்வார் என்பதை உயிலில் பெயரோடு எழுதி, அந்த நபரின் சம்மதத்தையும் இப்போதே வாங்கிவைக்க வேண்டும்.