மானிட்டரை மாற்றுவதற்கு முன்: இன்புட் லேக் விஷயத்தில் நடக்கும் தவறுகள்

"படம் வழுவழுன்னுதான் போகுது, ஆனா மவுஸ் மட்டும் கனமா இருக்கு." 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும், அதாவது ரெஃப்ரெஷ் செய்யும்) மானிட்டர் வாங்கிய கையோடு பலரும் சொல்வது இது. கை அசைத்ததற்கும் அது திரையில் தெரிவதற்கும் இடையிலான இந்தத் தாமதம்தான் இன்புட் லேக். கேபிளை மதர்போர்டில் செருகியது, விண்டோஸில் 60 ஹெர்ட்ஸை மாற்றாமல் விட்டது போன்றவற்றை இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். அவையெல்லாம் சரியாக இருந்தும் கனம் போகாதவர்களுக்குத்தான் இது.

கிராபிக்ஸ் கார்டை 99 சதவீதத்தில் ஓடவிடுவது

பணத்தை வீணாக்கும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதால் எரிச்சலும் இதன் மேல்தான்.

மவுஸ் அசைவை சிபியு படிக்கிறது. அடுத்த ஃபிரேமில் (திரையில் வரும் ஒரு படம்) என்ன வரைய வேண்டும் என்று கணக்கிட்டு, வேலையை கிராபிக்ஸ் கார்டிடம் தள்ளுகிறது. கார்டு இன்னும் முந்தைய ஃபிரேமையே முடிக்கவில்லை என்றால், சிபியு அடுத்ததையும் அதற்கடுத்ததையும் தயார் செய்து வரிசையில் வைத்துவிடும். விண்டோஸ் கேம்கள் கார்டுடன் பேசப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸில் இயல்பாக மூன்று ஃபிரேம் வரை இப்படிச் சேரலாம். வரிசையில் நிற்கும் ஒவ்வொரு ஃபிரேமும் பழைய மவுஸ் அசைவைச் சுமந்துகொண்டு நிற்கிறது. கனம் வருவது அங்கிருந்துதான்.

கணக்காகவே பார்க்கலாம். 100 எஃப்பிஎஸ் (நொடிக்கு 100 ஃபிரேம்) என்றால் ஒரு ஃபிரேமுக்கு 10 மில்லிசெகண்ட். இரண்டு ஃபிரேம் காத்திருந்தால் 20 மில்லிசெகண்ட் தாமதம். அதே கேமை 90 எஃப்பிஎஸ்ஸில் பூட்டினால் ஒரு ஃபிரேமுக்கு 11.1 மில்லிசெகண்ட் ஆகிறது, அதாவது 1.1 மட்டுமே கூடுகிறது. ஆனால் கார்டுக்கு மூச்சுவிட இடம் கிடைப்பதால் வரிசை காலியாகி அந்த 20 போய்விடுகிறது. எஃப்பிஎஸ் குறைந்தும் மவுஸ் லேசாவது இதனால்தான்.

வழக்கமாக என்ன நடக்கிறது? 1440பி மானிட்டர், நடுத்தரக் கார்டு, எல்லா செட்டிங்கும் உச்சத்தில், அதாவது அல்ட்ராவில், எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு கிடையாது. மூலையில் 110 என்று காட்டுகிறது, கார்டு 99 சதவீதம். மவுஸ் இழுக்கிறது என்றதும் மானிட்டர் மேல் பழி போட்டு 240 ஹெர்ட்ஸ் வாங்குகிறார்கள். கார்டும் அதேதான், செட்டிங்கும் அதேதான், எஃப்பிஎஸ் 110ஐத் தாண்டுவதில்லை. 144 ஹெர்ட்ஸில் ஒரு ரெஃப்ரெஷ் 6.9 மில்லிசெகண்ட், 240ல் 4.2. இந்த மூன்று மில்லிசெகண்டுக்குள் அடங்கும் லாபத்துக்காகப் பணத்தைக் கொட்டிவிட்டு, வரிசையில் நிற்கும் 20ஐ அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இது. என்விடியா ஓவர்லேயையோ எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரையோ போட்டு ஜிபியு சதவீதத்தைத் திரையில் வையுங்கள். புகை, வெடிப்பு, கூட்டம் எல்லாம் சேரும் இடத்துக்குப் போய் அங்கே எஃப்பிஎஸ் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். முதலில் ஷேடோ, வால்யுமெட்ரிக், ரிஃப்ளெக்‌ஷன் மூன்றையும் குறையுங்கள். பிறகு, அந்த மோசமான இடத்திலும் கார்டு 95 சதவீதத்தைத் தாண்டாதபடி கேமுக்குள்ளேயே எஃப்பிஎஸ் வரம்பு வையுங்கள். கேமுக்குள் இருக்கும் வரம்பு மவுஸைப் படிப்பதற்கு முன்பே காத்திருக்கும். வெளியிலிருந்து பூட்டும் மென்பொருளில் பெரும்பாலும் கொஞ்சம் தாமதம் கூடும்.

கேமில் என்விடியாவின் ரிஃப்ளெக்ஸ் என்ற, இந்த வரிசையைக் குறைக்கும் வசதி இருந்தால் (வேலரன்ட், ஃபோர்ட்நைட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 எல்லாவற்றிலும் இருக்கிறது) அதை 'ஆன்' செய்தாலே வரிசை கரைந்துவிடும். அது இல்லாத டைரக்ட்எக்ஸ் 11 கேம்களுக்கு என்விடியா கண்ட்ரோல் பேனலில் லோ லேட்டன்சி மோடை அல்ட்ராவில் வையுங்கள். டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் கேம்களில் அந்த செட்டிங்கை நம்ப முடியாது. அங்கே எஃப்பிஎஸ் வரம்புதான் கைகொடுக்கும். ஏஎம்டி கார்டு என்றால் அதன் ஆன்டி-லேக்கை ஆன் செய்யுங்கள்.

வி-சிங்க் என்றாலே விஷம் என்று நினைப்பது

வி-சிங்க் என்பது முடிந்த ஃபிரேமை மானிட்டரின் அடுத்த ரெஃப்ரெஷ் வரை நிறுத்திவைத்து, படம் பாதியில் கிழிவதைத் தடுப்பது. சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் போட்டி கேம் ஆடுபவர்கள் அதை அணைப்பது சரியே. அங்கே முடிந்த ஃபிரேம்கள் ரெஃப்ரெஷுக்காகக் காத்துக் கிடக்கும், ஒவ்வொன்றும் 16.7 மில்லிசெகண்ட். ஆனால் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் (எஃப்பிஎஸ்ஸுக்கு ஏற்ப மானிட்டரே ரெஃப்ரெஷை மாற்றிக்கொள்வது) இருக்கும் மானிட்டரில் கதை வேறு. ஜி-சிங்கை ஆன் செய்து, வி-சிங்கை கேமில் அணைத்து கண்ட்ரோல் பேனலில் ஆன் செய்து, எஃப்பிஎஸ்ஸை ரெஃப்ரெஷுக்கு மூன்று கீழே பூட்டுங்கள், 144க்கு 141. இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் குறை தெரியும். வி-சிங்கை விட்டால் திரையின் அடியில் அவ்வப்போது கிழிசல் வரும். வரம்பை விட்டால் 144ஐத் தொட்ட நொடியில் பழைய வி-சிங்க் தாமதம் திரும்பிவிடும். ரிஃப்ளெக்ஸ் ஆனில் இருந்தால் அதுவே 138 பக்கம் பூட்டிக்கொள்ளும். அதைப் பார்த்து எஃப்பிஎஸ் குறைந்துவிட்டதே என்று பயந்து அணைக்காதீர்கள்.

ஜி-சிங்க் தேர்வே கண்ணில் படவில்லை என்றால் மானிட்டரின் சொந்த மெனுவில் ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ்-சிங்க் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பெட்டியில் இருக்கும் '1 எம்எஸ்'ஸை நம்பி ஓவர்டிரைவை உச்சத்தில் வைப்பது

அந்த 1 எம்எஸ் இன்புட் லேக்கே இல்லை. பிக்சல் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம் அது, பெரும்பாலும் யாரும் பயன்படுத்த முடியாத உச்ச ஓவர்டிரைவில் (பிக்சலை வேகமாக மாறத் தள்ளும் செட்டிங்) அளந்தது. அசூஸில் ட்ரேஸ் ஃப்ரீ, பென்க்யூவில் ஏஎம்ஏ என்று பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான். உச்சத்தில் வைத்தால் பிக்சல் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பும். ஓடும் உருவத்தின் பின்னால் வெளிறிய ஒளிவட்டம் ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். டெஸ்ட்யுஎஃப்ஓ தளத்தைத் திறந்து, அதில் ஓடும் பறக்கும் தட்டின் பின்விளிம்பைக் கண்ணால் தொடர்ந்தபடி ஒவ்வொரு நிலையாக மாற்றிப் பாருங்கள். வட்டம் தெரிய ஆரம்பிக்கும் நிலைக்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். பெரும்பாலும் அது நடு நிலையாக இருக்கும். எஃப்பிஎஸ் 60, 70க்கு இறங்கும் கேம் என்றால் இன்னும் ஒரு படி கீழே வையுங்கள், ஏனென்றால் 144க்குப் பொருந்தும் ஓவர்டிரைவ் 60ல் மிகையாகிவிடும்.

பெட்டியில் 'எம்பிஆர்டி' என்று சேர்த்துப் போட்டிருந்தால் அது பின்விளக்கைச் சிமிட்டவைத்து எடுத்த எண். அந்தச் சிமிட்டலைப் போட்டால் திரை மங்கும், பெரும்பாலான மானிட்டர்களில் ஃப்ரீசிங்க்கும் போய்விடும்.

ஃபிரேம் ஜெனரேஷனை நம்பி போட்டி கேம் ஆடுவது

ஃபிரேம் ஜெனரேஷன் என்பது இரண்டு உண்மையான ஃபிரேம்களுக்கு நடுவே கார்டே உருவாக்கிய படத்தைச் செருகுவது. அப்படிச் செருக, அடுத்த உண்மையான ஃபிரேம் கையில் இருந்தாக வேண்டும். அதுவரை திரைக்குப் போக வேண்டியது நிறுத்திவைக்கப்படுகிறது. மூலையில் 120 என்று காட்டினாலும் கையில் 60ஐ விடக் கனமாகவே இருக்கும்.

புளூடூத் மவுஸ்

வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள், 1000 ஹெர்ட்ஸ் போலிங் (மவுஸ் நொடிக்கு 1000 முறை தன் அசைவைச் சொல்வது).

டிவியில் ஆடும்போது கேம் மோடை மறப்பது

மறக்காதீர்கள்.

அளக்காமல் மாற்றிக்கொண்டே இருப்பது

போனில் 240 எஃப்பிஎஸ் ஸ்லோ மோஷன் இருந்தால் போதும். மவுஸ் பட்டனும் திரையும் ஒரே ஃபிரேமில் தெரியும்படி வைத்துப் பத்து முறை சுடுங்கள். வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, விரல் பட்டனை அமுக்கியதிலிருந்து துப்பாக்கி முனையில் ஒளி வரும்வரை எண்ணுங்கள். ஒரு ஃபிரேம் 4.2 மில்லிசெகண்ட். ஒரே ஒரு செட்டிங்கை மாற்றிவிட்டு மறுபடி பத்து முறை எடுத்து இரண்டு சராசரியையும் ஒப்பிடுங்கள். ஒரு ஃபிரேமுக்குக் குறைவான வித்தியாசத்தை இந்த முறையில் கணக்கில் எடுக்காதீர்கள்.